ஐந்தாம் நம்பர் செட்டரின் ஹார்ட் டிஸ்க்

12 மே 2011, வியாழன்

கோகிலா காலை பத்து மணிக்குப் பழைய துண்டில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். சால்டரிங் இரும்பு சூடாக இருக்கும் மேசையில் துணியை வைக்காதே என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். காதில் ஏறினால்தானே.

"ஏனுங்க, அர்த்தனாரி அண்ணன் குடுத்துவுட்டாருங்க. இதுல என்ன இருக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லோணும்."

"உன்ற தம்பி தூங்குனது இருக்கும். வேறென்ன இருக்கப்போவுது?"

அவள் துண்டை மட்டும் உருவிக்கொண்டு போனாள்.

நடந்ததை எழுதிவைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. அர்த்தனாரிக்குக் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி திருச்செங்கோடு ரோட்டில் இருக்கிறது. முட்டைகளைப் பதினெட்டு நாள் சூட்டில் வைத்திருக்கும், அறை போன்ற பெரிய பெட்டிக்கு செட்டர் என்று பேர். போன திங்கட்கிழமை மத்தியானம் ஐந்தாம் நம்பர் செட்டரில் காற்றாடி பெல்ட் அறுந்து, உள்ளே சூடு ஏறி, முப்பதாயிரம் முட்டை வெந்துபோனது. டூட்டியில் இருந்தவன் கோகிலாவின் தம்பி, என் மச்சினன் பூபதி. செட்டருக்கு வெளியே திரையில் தெரியும் சூட்டை அரை மணிக்கொரு தடவை பார்த்து ரெஜிஸ்டரில் எழுதவேண்டியது அவன் வேலை. ஃபாரன்ஹீட்டில் 99.5 இருந்தால் சரியான சூடு. உள்ளே வெந்துகொண்டிருந்த அத்தனை நேரமும் பூபதி துரை 99.5, 99.5, 99.5 என்று எழுதியிருக்கிறார். பார்க்காமல் எழுதினால் அப்படித்தான் வரும்.

அந்தத் திரை, சூடு ஏறினால் கத்தும் பஸ்ஸர், நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்கில் பதிவு எழுதும் பெட்டி, மூன்றும் நான் செய்தவை. செட்டரை ஓட்டுவது என் பெட்டி அல்ல, அது வெறும் காவல்காரன். அர்த்தனாரி ஆத்திரத்தில் அந்தக் காவல்காரனைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்திருக்கிறார். போர்டு இரண்டாக உடைந்துவிட்டது, அந்த இரண்டு பாதியும் டிஸ்க்கோடு வந்திருக்கிறது. டிஸ்க் மட்டும் தப்பியது.

அர்த்தனாரி இருபதாம் தேதிவரை கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் இந்த டிஸ்க் பூபதிக்குச் சாதகமாக ஏதாவது சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பொய் ரெஜிஸ்டர் எழுதினவன் என்று ஜில்லாவில் இருக்கிற எல்லா ஹேச்சரிக்கும் சொல்லிவிடுவாராம். அப்புறம் எவனும் அவனை முட்டைத் தட்டு கழுவக்கூடச் சேர்க்கமாட்டான். சேர்க்கவேண்டாம், எனக்கென்ன வந்தது? நான் இதைப் படிக்கப்போவது அவனைக் காப்பாற்ற அல்ல. அவன் பார்க்காமல் எழுதினான் என்பதை நிமிடவாரியாக அச்சடித்து அவன் அக்கா கையில் கொடுக்க.

அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் நான் போய் ஐந்தாம் நம்பரில் சென்சார் மாற்றிவிட்டு வந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

13 மே, வெள்ளி

ஓட்டு எண்ணிக்கை. ஊரே டிவி முன்னால் கிடக்கிறது. தெருவில் விடாமல் வெடி. பதினோரு மணிக்குக் கரண்ட் போனது, கேட்க நாதியில்லை.

கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து பூபதி வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பட்டறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றான். முகம் வற்றிப்போயிருந்தது. நாலு நாளாகச் சாப்பிடுகிறானோ இல்லையோ.

"மாமா, அந்த டிஸ்க்க விட்டுருங்க."

"ஏன்டா?"

"வேண்டாமுங்க மாமா. போனது போச்சுது. நான் வேற எங்கயாச்சும் பாத்துக்கறேன்."

"பயமாக்கும்?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மேசையில் கிடந்த உடைந்த போர்டைப் பார்த்தான். "ஆமாங்க மாமா, பயந்தான்" என்று சொல்லிவிட்டு அக்காவிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டான்.

இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இவனை எனக்கு ஏன் பிடிக்காது என்று கோகிலா அடிக்கடி கேட்பாள். போன வருடம் அர்த்தனாரி பக்கத்தில் நிற்கும்போது, "மாமா, அந்த ரெண்டு ஒயரும் மாறியிருக்குதுங்களா, பாருங்க" என்றான். மாறித்தான் இருந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் அல்லவா? எட்டாவதோடு நின்றவன். அர்த்தனாரி அன்று சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் எரிகிறது.

14 மே, சனி

அர்த்தனாரி ஆபீசில் கணக்குப் பார்க்கும் வரதன் என்னிடம் அனுப்புவதற்கு முன்னால் இந்த டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறான். இன்றைக்குப் போனில் சாவகாசமாகச் சொல்கிறான். "காலி டிஸ்க்குங்க சார். ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுது, சரின்னு குடுத்துட்டேன்."

சரின்னு குடுத்துட்டானாம்! வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனை வைத்தேன்.

கம்ப்யூட்டருக்கு இது காலியாகத்தான் தெரியும். ஹார்ட் டிஸ்க் ஒரே மூச்சில் பதினாறு கம்பி வழியாகத் தகவல் வாங்கும், கொடுக்கும். என் மைக்ரோகன்ட்ரோலர் சின்னச் சில்லு, மொத்தமே நாற்பது கால். திரைக்கு, பட்டனுக்கு, சென்சாருக்கு, பஸ்ஸருக்கு என்று ஒதுக்கியபிறகு டிஸ்க்குக்குப் பதினாறு கால் மிஞ்சவில்லை. அதனால் எட்டுக் கம்பியை மட்டும் இணைத்தேன். மற்ற எட்டும் அந்தரத்தில். டிஸ்கில் பாதி இடம் குப்பை. இருந்துவிட்டுப் போகட்டும், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்தானே. வேறு யார் மாட்டினாலும் நல்ல தகவலும் குப்பையும் ஒன்றுவிட்டு ஒன்று கலந்து தெரியும், ஒரு மண்ணும் புரியாது. படிக்கவேண்டுமானால் அதே எட்டுக் கம்பி, அதே சில்லு, அதே நான். இதை நினைத்தால் எப்போதுமே எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

வரதனின் ஃபார்மட் டிஸ்கின் முன்பக்கத்தை மட்டும் துடைத்திருக்கும். போன மாதம், இந்த மாதம் ஓடிய பதிவெல்லாம் நடுவில் இருக்கிறது. பிழைத்தான்.

16 மே, திங்கள்

காலையில் ரேஷன் கடை, பருப்பு இல்லை. வந்து உட்கார்ந்து உடைந்த போர்டை இரண்டு பாதியாக மேசையில் சேர்த்துவைத்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து தாளில் வரைந்தேன். வரைபடம் எடுத்துவைக்கவில்லையா என்று கோகிலா கேட்டாள். எடுத்துவைத்தவன் ஏன் இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறான்? கேள்வியைப் பார்.

டிராயரில் அதே ரகச் சில்லு இரண்டு இருந்தது. புது போர்டில் ஒன்றைப் பற்றவைத்தேன். எட்டுத் தகவல் கம்பி, எந்த இடம் என்று சொல்ல மூன்று, படிக்க ஒன்று, எழுத ஒன்று, தேர்ந்தெடுக்க இரண்டு, ரீசெட் ஒன்று. எழுதும் கம்பி டிஸ்க்கிடம் கேள்வி கேட்க மட்டும், பதிவு எழுதும் கட்டளையைச் சில்லின் புரோகிராமில் வைக்கவே இல்லை. இந்த டிஸ்கில் இனி ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. பின்னால் பூபதி, மாமா கைவைத்துவிட்டார் என்று சொல்லிவிடக்கூடாது.

ரிப்பன் கேபிளின் சிவப்பு ஓரம் முதல் கால் பக்கம் வரவேண்டும். திருப்பி மாட்டிவிட்டேன். இருபத்தைந்து வருட அனுபவம், திருப்பி மாட்டினேன். கோகிலா பார்க்கவில்லை, நல்லதாய்ப்போயிற்று. சரியாக மாட்டியதும் டிஸ்க் சுற்றத் தொடங்கியது. ஆனால் என்ன கேட்டாலும் உளறுகிறது. ஒரு தடவை கேட்டால் ஒரு எண், அதையே மறுபடி கேட்டால் வேறு எண்.

17 மே, செவ்வாய்

காலையில் உப்புமா. டிஸ்க் உளறுகிறது.

18 மே, புதன்

டிஸ்க்குக்குப் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை, சில்லுக்குத் தனி அடாப்டர். இரண்டுக்கும் பூமிக் கம்பியைச் சேர்க்க மறந்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு தரையில் நின்றுகொண்டு பேசினால் எப்படிப் புரியும்? ஒரு முழக் கறுப்பு ஒயர், இரண்டு பொட்டு ஈயம், தீர்ந்தது. இரண்டு நாள் இதற்குத்தான் மாரடித்தேன்.

உன் பேர் என்ன என்று டிஸ்க்கைக் கேட்டேன். கம்பெனிப் பெயரை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி எழுத்தில் சொன்னது. எட்டுக் கம்பியில் அவ்வளவுதான் வரும். திரையில் அந்தப் பாதிப் பெயரைப் பார்த்ததும் கை தட்டிவிட்டேன். அடுப்படியிலிருந்து கோகிலா எட்டிப் பார்த்தாள்.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு. உன்ற தம்பி வண்டவாளமும் நாளைக்கு வந்துரும்."

"எல்லாம் வரட்டுமுங்க. ஒண்ணும் விடாம வரட்டும்" என்றாள். என்ன தைரியமோ.

19 மே, வியாழன்

வந்துவிட்டது. ஏப்ரல் முதல் மே ஒன்பதுவரை நிமிடம் நிமிடமாகக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இறங்கிவிட்டது. நாள், நேரம், சூடு, ஈரப்பதம், கடைசியில் 0 அல்லது 1.

திங்கள் மத்தியானம் 12.40 வரை 99.5. அங்கிருந்து ஏறுகிறது. ஒரு மணிக்கு 101. இரண்டு மணிக்கு 104. மூன்றேகாலுக்கு 106. பூபதியின் ரெஜிஸ்டர் ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு மணிக்கு 99.5. இரண்டு மணிக்கு 99.5. மூன்று மணிக்கு 99.5, அழகான கையெழுத்தில், கீழே கோடு வேறு. மாட்டினாயா மாப்பிள்ளை! வாய்விட்டுச் சிரித்தேன்.

கோகிலா வந்து திரையைப் பார்த்தாள்.

"அந்தக் கடைசில நிக்கறது என்னங்க? மேல பூரா சைபரா இருக்குது, இங்கெல்லாம் ஒண்ணா இருக்குது?"

"அது ஒண்ணுமில்ல. எனக்காக வெச்சது. உள்வேலை."

"ஓகோ."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. வெயில் அப்படி.

20 மே, வெள்ளி

அர்த்தனாரி ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டேன். நாள், நேரம், சூடு, ஈரப்பதம். தாள் அகலம் போதாததால் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன்.

பூபதி நின்றுகொண்டிருந்தான். அர்த்தனாரி தாளை அவன் முகத்துக்கு நேராக ஆட்டினார். "நூத்தியாறு! உன்ற ரெஜிஸ்டர்ல என்ன போட்டிருக்குது? கண்ணு அவிஞ்சா போச்சுது?"

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். பார்த்தான் என்றால் மேலிருந்து கீழே அல்ல, இடமிருந்து வலமாக, ஒரே ஒரு வரியை. தாளின் வலது ஓரம்வரை வந்து நின்று, என்னை ஒரு தரம் பார்த்தான். எதிர்த்துப் பேசுவான் என்று நான் நான்கு பதில் தயார்செய்து வைத்திருந்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார் அர்த்தனாரி. அவன் வரதன் மேசையில் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினான். கையெழுத்துப் போட்டான். என்னைத் தாண்டிப் போகும்போது, "அக்காளப் பாத்துக்கங்க மாமா" என்றான். அவன் அக்காவை நான் பார்த்துக்கொள்ளாமல் வேறு யார் பார்த்துக்கொள்கிறார்களாம்? திமிர்.

"மெசின்னா இது மெசின்" என்று அர்த்தனாரி என் முதுகில் தட்டினார். டீ வந்தது. ஆறிப்போன டீ.

21 மே, சனி

நான் பொய் சொல்லவில்லை. அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் டிஸ்கில் இருந்த எண்.

பல்லடத்தில் ஒரு ஹேச்சரியில் வேலை கேட்டுப் போயிருக்கிறான். பேரைச் சொன்னதுமே வேண்டாம் என்றுவிட்டார்களாம். கோகிலா இதை என்னிடம் சொல்லவில்லை. கொல்லையில் நின்று போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.

22 மே, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. வீட்டில் ரசம். டிஸ்க்கைக் கழற்றலாம் என்று நினைத்துப் பட்டறைக்குப் போனேன். கழற்றவில்லை.

எழுதித் தொலைக்கிறேன், இது என் நோட்டு, யார் படிக்கப்போகிறார்கள்? சென்சார் மாற்றும்போது திரையில் எண்கள் தாறுமாறாக ஓடும். பார்க்கிற முதலாளிகள் பதறிவிடுவார்கள், இவன் மெசின் சரியில்லை என்று பேச்சு வரும். அதற்காக நான் ஒரு வேலை செய்துவைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பட்டனை ஐந்து விநாடி அழுத்தினால் திரை கடைசியாகக் காட்டிய எண்ணிலேயே நின்றுவிடும். பஸ்ஸரும் கத்தாது. டிஸ்கில் மட்டும் நிஜமான சூடு ஓடும், பக்கத்தில் 1 என்று விழும். வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தி விடுவித்துவிடவேண்டும். இந்த வழக்கத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அப்புறம் என் திரையை எவன் நம்புவான்?

வியாழன் ஐந்தாம் தேதி, சென்சார் மாற்றி முடிக்கப்போகும் நேரத்தில் பூபதி பின்னால் வந்து நின்றான். "முடிஞ்சுதுங்களா மாமா? ஒருக்கா எல்லாம் பாத்துட்டு மூடுங்க" என்றான். எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான்! "நீ எனக்கு வாத்தியாராடா?" என்று கேட்டுவிட்டு மூடியைப் போட்டுத் திருகிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் பட்டனை அழுத்தியது அன்று பிற்பகல் 3.20. அதற்கு முன் வரை 0. அதிலிருந்து திங்கட்கிழமை அர்த்தனாரி பிடுங்கும்வரை 1.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நாலு நாளாக ஒரே எண் நிற்கிறதே என்று அவனுக்குத் தோன்றவேண்டாமா? நல்ல செட்டர் நாலு நாளும் 99.5இல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனாலும்.

23 மே, திங்கள்

காலையில் பட்டறைக்குள் நுழைந்தால் பிரின்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கொட்டேஷன் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பவள் கோகிலாதான், ஃபைல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தாளைக் குறுக்குவாட்டில் போட்டிருந்தாள். ஐந்து பத்தியும் வசதியாக உட்கார்ந்திருந்தது.

"அகலம் பத்துதுங்க" என்றாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "யாரக் கேட்டு என்ற கம்ப்யூட்டர்ல கை வெச்ச?" என்று கத்தினேன். மேசையில் இருந்த ஈயச் சுருளை எடுத்துச் சுவரில் அடித்தேன். அவள் அசையவில்லை. ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அஞ்சாந்தேதி, மூணு இருவது. இங்கதான் சைபர் ஒண்ணா மாறுது. அன்னிக்கு நீங்கதான போனீங்க?"

"உனக்கு என்னடி தெரியும் இதப்பத்தி?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பூபதிக்குத் தெரிஞ்சுது. முட்டை வெந்த அன்னிக்கு செட்டர் கதவத் தொறந்தானாம், மூஞ்சி தீஞ்சு போற மாதிரி சூடு அடிச்சுதாம். திரும்பிப் பாத்தா மீட்டர் அப்பவும் தொண்ணூத்தொம்பதரைன்னு காட்டிட்டு நிக்குதாம். அப்பவே புரிஞ்சுபோச்சு அவனுக்கு, கடைசியா அதுல கை வெச்சது யாருன்னு. அன்னிக்குச் சாயங்காலமே வந்து எங்கிட்டச் சொல்லிட்டு அழுதான். மாமாகிட்டக் கேக்காத அக்கா, பதினோரு ஹேச்சரில அவரு பொட்டி ஓடுது, இது வெளிய தெரிஞ்சா எல்லாத்தையும் கழட்டிப் போட்டுருவாங்க, நீங்க ரெண்டு பேரும் சோத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டான்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்புறம் ஏன் அந்த டிஸ்க்க எங்கிட்டக் கொண்டாந்து குடுத்த?"

"அர்த்தனாரி அண்ணன் அதக் குப்பைல போடச் சொன்னாருங்க. நாந்தான் வரதன்கிட்டக் கெஞ்சி வாங்கியாந்து, அண்ணன்கிட்ட இருவதாந்தேதி வரைக்கும் கெடுவும் கேட்டேன். நீங்களே படிப்பீங்க, படிச்சுட்டு நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்." அவள் குரல் அதுவரை ஏறவே இல்லை. இப்போது உடைந்தது. "பதினேழு வருசம் உங்களோட குடும்பம் பண்ணியிருக்கறேன். சொல்லிருவீங்கன்னுதாங்க நெனச்சேன்."

தாளை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெட்கமாக இருக்கிறது என்று எழுத வரவில்லை. எழுதிவிட்டேன்.

24 மே, செவ்வாய்

குறுக்குத் தாளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

அர்த்தனாரி முழுவதும் கேட்டார். கேட்டுமுடித்தபின், "ஏனப்பா நல்லசிவம், வெள்ளிக்கெழம இதே நாற்காலில உக்காந்து என்ற டீயக் குடிச்சயே, அப்ப இது தெரியுமா?" என்றார்.

"தெரியுமுங்க."

"வெளிய போ" என்று கத்தினார். வரதன் எழுந்து நின்றுவிட்டான். "மத்த செட்டர்ல மாட்டியிருக்கற உன்ற பொட்டி அத்தனையும் சாயங்காலத்துக்குள்ள கழட்டிட்டுப் போ. நீ செஞ்ச சாமான் ஒண்ணும் இங்க இருக்கப்படாது."

"பூபதிய..."

"அவன நான் கூப்புட்டுக்கறேன். எல்லா ஹேச்சரிக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன். வந்தான்னா அவன் பெரிய மனசு. நீ அவன் பேர எடுக்காத."

அவர் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி என் சட்டைப் பையில் திணித்தார். "இதையும் எடுத்துட்டுப் போ. இதப் பாக்கறதுக்கே எனக்குக் கூசுது."

பூபதிக்குப் போன் போட்டேன். எடுத்தான். அர்த்தனாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். "அக்காகிட்டக் குடுங்க மாமா" என்றான். நான் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன் என்றேன். "சரிங்க, நானே கூப்புட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

பஸ் வரத் தாமதம். சட்டைப் பையில் இருந்த தாளை அப்போதுதான் பிரித்தேன். வெள்ளிக்கிழமை அவன் எழுதியதை நான் வாங்கிப் படித்துப் பார்க்கவே இல்லை. ரெஜிஸ்டரில் இருந்த அதே கையெழுத்து.

"9.5.2011 அன்று மீட்டரைப் பார்க்காமல் 99.5 என்று எழுதியது என்னுடைய தவறு. இதற்கு வேறு யாரும் காரணம் இல்லை. மெசினில் எந்தக் குறையும் இல்லை. அதை மற்ற ஹேச்சரிக்காரர்கள் நம்பி வாங்கலாம். இப்படிக்கு, ச. பூபதி."

மெசினில் எந்தக் குறையும் இல்லைதான். அது எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது.